ஃபைல் திறந்துவிட்டது, சரி. உள்ளே என்ன வந்தது?

"ஸ்டெப்ல அனுப்புங்க, எதுல வேணாலும் திறக்கும்" என்று சொல்லாத டிசைனரைப் பார்ப்பது கஷ்டம். (ஸ்டெப் என்பது வடிவமைப்பு மென்பொருள்களுக்குப் பொதுவான ஒரு கோப்பு வகை.) அப்படிச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, திறக்கத்தான் செய்யும். மாடல் திரையில் வந்து நிற்கும், சுழற்றிப் பார்க்கலாம், நிறம்கூட வந்திருக்கும். நான் பேச நினைப்பது அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றி. கணினியில் பாகங்களை வடிவமைக்கும் ஒரு கேட் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும்போது நடப்பதை நாம் நகலெடுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அனுப்பும் மென்பொருள் தன்னிடம் இருக்கிற வடிவத்தைப் பொதுவான ஒரு மொழியில் விவரித்து எழுதுகிறது, வாங்கும் மென்பொருள் அந்த விவரிப்பைப் படித்துத் தன் வழக்கப்படி புதிதாக ஒரு வடிவத்தைக் கட்டுகிறது, அவ்வளவுதான். இதில் சில விஷயங்கள் முழுசாகப் போய்ச் சேரும், சில போகவே போகாது. இந்த இரண்டையும் சமாளித்துவிடலாம். போய்ச் சேர்ந்த மாதிரி தெரிந்து, ஆனால் சேராமல் இருப்பது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அதுதான் பணத்தையும் உலோகத்தையும் தின்கிறது.

ஒரு தகட்டில் எம்6 மரைத் துளை, அதாவது 6 மி.மீ. ஸ்க்ரூ ஏறும் துளை, போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மென்பொருளைப் பொறுத்தவரை அது பெயருள்ள ஒரு அம்சம். எம்6, பிட்ச் (மரைச் சுற்றுகளின் இடைவெளி) 1 மி.மீ., மரை 12 மி.மீ. ஆழம், ட்ரில் 16 மி.மீ. ஆழம் என்று எல்லாம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். திரையில் தெரிகிற மரை பெரும்பாலும் துளையின் மேல் ஒட்டிய படம் மட்டுமே, ஏனென்றால் ஒவ்வொரு துளையிலும் நிஜமான சுருளை மாடல் செய்தால் கம்ப்யூட்டர் திணறிவிடும். இப்போது இதை ஸ்டெப்பாக எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஸ்டெப் வெறும் எழுத்துக் கோப்புதான், தைரியமாகத் திறக்கலாம். தலைப்பைத் தாண்டினால் பெரும்பாலும் ஒவ்வொரு வரியும் # குறியும் ஒரு எண்ணுமாகத் தொடங்கும், ஒரு வரி இன்னொரு வரியின் எண்ணைச் சுட்டும். தேடிப் போனால் நம் துளை கிடைக்கும்: "சிலிண்டிரிகல் சர்ஃபேஸ்" என்று ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் அச்சு எங்கே எந்தத் திசையில் என்பதைச் சொல்லும் வேறொரு வரியின் எண், பிறகு 2.5. வேறு எதுவும் இல்லை. 5 மி.மீ. விட்டத்தில் வழவழப்பான ஒரு துளை.

எம்6க்கு டேப் போடுவதற்கு, அதாவது மரை வெட்டுவதற்கு, முன் ஓட்டுகிற ட்ரில் 5 மி.மீ. என்பதால் அந்த 2.5 ஆரம் வந்தது. எல்லா மென்பொருளும் இப்படியே செய்யும் என்றால் வாங்குகிறவர் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மரையின் குறைந்தபட்ச உள்விட்டமான 4.917ஐ எடுத்துக்கொள்ளும், இன்னொன்று வெளிவிட்டமான 6ஐயே எழுதிவிடும். 6 மி.மீ. துளையைத் திரையில் பார்க்கிற மெஷினிஸ்ட் அதை டவல் பின்னுக்கான, அதாவது பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் ஊசிக்கான, துளை என்று நினைத்து ரீமர் ஓட்டித் துல்லியமாக்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கோப்பு பிழையில்லாமல் திறந்தது, வடிவம் அச்சு அசலாக வந்தது, ஆனால் அந்தத் துளை எதற்காக இருக்கிறது என்ற செய்தி பாதி வழியிலேயே இறங்கிவிட்டது. அதனால்தான் மரைத் துளை உள்ள எதையும் 2டி டிராயிங் இல்லாமல் அனுப்பக்கூடாது என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிடிஎஃப் ஒன்று கூடவே போகட்டும், ஒரு பக்கம் போதும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நாம் ஸ்கெட்ச் போட்டு, எக்ஸ்ட்ரூட் செய்து (இழுத்துத் தடிமனாக்கி), ஃபில்லெட் கொடுத்து (விளிம்பை வளைவாக்கி) ஒரு பாகத்தை உருவாக்கும்போது, இடது பக்கத்தில் மரம் மாதிரி அந்தப் படிகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் படிகளின் விளைவாகக் கிடைக்கிற வடிவம் தனி. முகங்கள், விளிம்புகள், முனைகள், எந்த முகம் எதோடு எந்த விளிம்பில் ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு, இவ்வளவும் சேர்ந்ததுதான் அது. ஸ்டெப், ஐஜெஸ் போன்ற பொதுக் கோப்பு வகைகள் நடைமுறையில் கொண்டுபோவது இந்த விளைவை மட்டும். கணக்குப் பரீட்சைத் தாளில் வழிமுறையை அழித்துவிட்டு விடையை மட்டும் விட்டுவைத்தது போல. விடை சரி, ஆனால் 12 வந்தது 7ஐயும் 5ஐயும் கூட்டியா, 3ஐயும் 4ஐயும் பெருக்கியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. படிகளையும் சேர்த்து அனுப்பினால் என்ன என்று நெடுநாளாக ஆராய்ச்சியும் முயற்சியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் "இந்த விளிம்புக்கு 3 மி.மீ. ஃபில்லெட் போடு" என்ற ஒரே கட்டளைக்கு, மூன்று விளிம்புகள் சந்திக்கும் மூலையில் ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டப்படி பரப்பை வளைக்கும். படிகள் ஒத்துப்போனாலும் வடிவம் மாறிவிடும். வடிவம் மாறுவதைவிடப் படிகள் தொலைவது மேல் என்று இந்தத் துறை முடிவெடுத்திருக்கிறது, என் கணிப்பில் அது சரியான முடிவுதான்.

அந்த வளைக்கும் வேலையைச் செய்வது கெர்னல் என்று சொல்கிற வடிவக் கணக்கு இயந்திரம். மென்பொருளின் பெயர் என்னவாக இருந்தாலும் அடியில் ஓடுகிற கெர்னல்கள் கொஞ்சம்தான். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ், ஆன்ஷேப் நான்கும் பாராசாலிட்டில் ஓடுகின்றன. ஃப்ரீகேட் ஓப்பன் கேஸ்கேடில் ஓடுகிறது. ஆட்டோடெஸ்க் 2001ல் ஏசிஸ் என்ற கெர்னலின் 7.0 பதிப்பை எடுத்துத் தன் வழியில் பிரித்துக்கொண்டு போனது, அதனால்தான் அதன் இன்வென்டர் மென்பொருளிலிருந்து ஏசிஸின் சாட் கோப்பாக எழுதினால் இன்றைக்கும் 7.0 என்ற பழைய பதிப்பு எண் எட்டிப் பார்க்கிறது. இதெல்லாம் வெறும் பொது அறிவு என்று தள்ளிவிட வேண்டாம். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் பாராசாலிட் மென்பொருள்களில் இருந்தால், ஸ்டெப் எதற்கு? பாராசாலிட்டின் சொந்தக் கோப்பு வகையிலேயே அனுப்பலாம். எழுதுவதும் படிப்பதும் ஒரே கெர்னல் என்பதால் மொழிபெயர்ப்பு என்ற படியே கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. இரண்டு பக்கமும் பாராசாலிட் இருந்தும், பழக்கத்தின் பேரில் ஐஜெஸில் அனுப்பி, வந்த ஓட்டைகளை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐஜெஸ் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இன்னும் "ஐஜெஸ் இருக்கா" என்று கேட்கிறார்கள். 1979ல் அமெரிக்க விமானப்படையின் ஆதரவோடு போயிங், ஜெனரல் எலக்ட்ரிக், அந்நாட்டு தர நிர்ணய அலுவலகம் எல்லாம் சேர்ந்து தொடங்கிய வேலை அது. 1980ல் முதல் பதிப்பு வந்துவிட்டது. பஞ்ச் கார்டு காலத்தின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது: ஒவ்வொரு வரியும் 80 எழுத்து, 73வது இடத்தில் இது எந்தப் பிரிவு என்று சொல்ல ஒரு எழுத்து. கோடு என்றால் 110, வட்ட வில் என்றால் 100, வெட்டிய பரப்பு என்றால் 144 என்று எல்லாவற்றுக்கும் எண். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் முழுத் திடப்பொருளை எழுத 186 என்று பிற்பாடு ஏற்பாடு வந்த பிறகும் பெரும்பாலான மென்பொருள்கள் பழையபடி 144களாகவே எழுதிக்கொண்டிருந்தன. அதாவது ஒரு பெட்டி போனால் பெட்டியாகப் போகாது, ஆறு தனித்தனித் தகடுகளாகப் போகும். எந்தத் தகடு எதோடு ஒட்டியிருந்தது என்ற செய்தி கோப்பில் இருக்காது, வாங்குகிற மென்பொருள்தான் தடவிப் பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும். 1996ல் வந்த 5.3தான் அதன் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு வளராத ஒன்றை வேறு வழி இருக்கும்போது பயன்படுத்துவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பழைய சிஎன்சி மென்பொருள் வேறு எதையும் படிக்காது என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஸ்டெப்புக்கான வேலை 1984ல் தொடங்கி ஐஎஸ்ஓ 10303 என்று 1994ல் வெளிவந்தது. முகங்கள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுவது, அளவு அலகைக் கோப்புக்குள்ளேயே தெளிவாகச் சொல்வது என்று ஐஜெஸின் பெரிய ஓட்டைகளை அது அடைத்தது. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஏபி203, ஏபி214, ஏபி242 என்று ஸ்டெப்பின் மூன்று உட்பிரிவுகளில் எது என்று கேட்கும், நிறைய பேர் எது முதலில் இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுவார்கள். 203இன் முதல் பதிப்பில் நிறத்துக்கே இடம் கிடையாது. சில இடங்களில் முகத்தின் நிறத்தை வைத்துத்தான் எங்கே துல்லியமாக மில்லிங் செய்ய வேண்டும், எங்கே வேண்டாம் என்று சொல்வார்கள். அந்தக் கோப்பு 203ல் போனால் எல்லா முகமும் ஒரே சாம்பல் நிறத்தில் போய் நிற்கும். 214 வாகனத் துறைக்காக வந்தது, நிறத்தையும் லேயரையும் கொண்டுபோகும். இரண்டையும் இணைத்து 2014ல் வந்ததுதான் 242. இதில் அளவுகளையும் டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) குறிப்புகளையும்கூட மாடலோடு சேர்த்து அனுப்பலாம், ஆனால் அதிலும் இரண்டு ரகம் உண்டு: குறிப்பை மென்பொருள் படித்துப் புரிந்துகொள்ளும்படி அனுப்புவது ஒன்று, வெறும் கோடுகளால் வரைந்த படமாக அனுப்புவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மவுஸை வைத்து அந்தக் குறிப்பைச் சொடுக்கினால் அதற்குரிய முகம் ஒளிர்கிறதா, ஆய்வு மென்பொருள் அதை எண்ணாக எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, ஸ்டெப்பிலேயே அனுப்பியும் சில முகங்கள் காணாமல் போகின்றனவே, அது எப்படி? இங்கேதான் துல்லியம் என்ற விஷயம் வருகிறது. ஆரம் வேறுபட்ட இரண்டு குழாய்கள் குறுக்கே சந்திக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவை சந்திக்கும் வளைகோட்டை கேட் மென்பொருள்கள் பயன்படுத்தும் நர்ப்ஸ் வளைகோடுகளால் பொதுவாக மிகச் சரியாக எழுதவே முடியாது. அதனால் கெர்னல் ஒரு தோராயமான வளைகோட்டைப் போட்டு, "நிஜக் கோட்டிலிருந்து இது இவ்வளவுக்கு மேல் விலகவில்லை" என்று திருப்தி அடைந்துகொள்கிறது. அந்த "இவ்வளவு" கெர்னலுக்குக் கெர்னல் மாறும். பாராசாலிட் 0.00001 மி.மீ. வரை பார்க்கும். கேட்டியா என்ற கேட் மென்பொருளில் அது வழக்கமாக 0.001 மி.மீ.; நூறு மடங்கு தளர்வு. தளர்ந்த இடத்தில் உருவான மாடலில் இரண்டு முகங்களுக்கு நடுவே 0.0008 மி.மீ. இடைவெளி இருந்தால், உருவாக்கிய மென்பொருளுக்கு அது ஒரே விளிம்பு. கறாரான மென்பொருளுக்கு அது ஒரு பிளவு. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத பிளவுதான், ஆனால் அதை வைத்து அந்தப் பொருள் மூடிய திடப்பொருள் இல்லை என்று முடிவு செய்துவிட்டால் கிடைப்பது உள்ளே ஒன்றுமில்லாத பரப்புகளின் கூட்டம். அதில் துளை போட முடியாது, எடை கணக்கிட முடியாது.

இதற்கென்று ஸ்டெப் கோப்புக்குள்ளேயே ஒரு வரி இருக்கிறது: இந்தக் கோப்பில் எவ்வளவு துல்லியத்தை நம்பலாம் என்று அனுப்புகிறவர் சொல்லும் எண். நல்ல மென்பொருள் அதைப் படித்து அதற்கேற்பத் தளர்த்திக்கொள்ளும். கூடவே ஹீலிங் என்று ஒன்றை ஓடவிட்டு, இடைவெளிகளை இழுத்து ஒட்டும், ஊசி மாதிரி மெல்லிய முகங்களைப் பக்கத்து முகத்தோடு சேர்க்கும். ஹீலிங் பெரும்பாலும் உதவிதான், ஆனால் அது வடிவத்தைத் தொடுகிறது என்பதை மறக்கக் கூடாது. சீல் உட்காரும் பரப்பு, பேரிங் உட்காரும் துளை மாதிரி இடங்களில் ஹீலிங்குக்குப் பிறகு ஒரு முறை அளந்து பார்ப்பது என் வழக்கம். சிலிண்டராக இருந்த துளை, சிலிண்டர் மாதிரி தெரிகிற ஒரு ஸ்ப்லைன் பரப்பாக (புள்ளிகளை வைத்து வளைத்த பரப்பாக) மாறியிருக்கும் சில சமயம். விட்டம் கேட்டால் மென்பொருள் சொல்லாது, அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மெஷினுக்குக் கட்டளை எழுதும் கேம் மென்பொருளும் அதைத் துளை என்று அடையாளம் காணாது, ட்ரில் ஓட்டாமல் விட்டுவிடும்.

கண்ணால் பார்த்துச் சரி சொல்வதை நான் நம்பாமல் போனதற்குக் காரணம் இதெல்லாம்தான். எண்கள் வேண்டும். எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் கன அளவு, மொத்தப் பரப்பளவு, ஈர்ப்பு மையம், மூன்று திசையிலும் முழு நீளம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மெயிலிலேயே எழுதி அனுப்புங்கள். வாங்குகிறவர் அதே எண்களைத் தன் திரையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு முகம் விடுபட்டிருந்தால் கன அளவே வராது, அல்லது அபத்தமாக வரும். சின்ன ஃபில்லெட் ஒன்று மட்டும் உதிர்ந்திருந்தால் பரப்பளவு காட்டிக்கொடுக்கும். ஈர்ப்பு மையம் எதற்கு என்றால், கண்ணாடி பிம்பமாகப் புரண்டு வந்த பாகத்துக்குக் கன அளவும் பரப்பளவும் மாறவே மாறாது, மையத்தின் குறி மட்டும்தான் மாறும். விமானத் துறையில் பல பத்தாண்டுகளுக்குக் கோப்புகளைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால், லோட்டார் என்ற ஏற்பாட்டில் இதே எண்களை ஸ்டெப் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கச் சொல்கிறார்கள். படிக்கிற மென்பொருள் தானே கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளும். சில மென்பொருள்களில் எக்ஸ்போர்ட் பெட்டியில் இதற்கு ஒரு டிக் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நிறைய பேர் எக்ஸ்போர்ட் செய்த கோப்பைச் சரிபார்க்க அதே மென்பொருளில் திரும்ப இம்போர்ட் செய்து பார்ப்பார்கள். அது ஓரளவுக்குத்தான் பயன்படும், ஏனென்றால் தான் எழுதியதைத் தானே படிக்கும்போது எழுதிய பிழையைப் படிப்பதும் சேர்ந்து மறைத்துவிடும். வேறு கெர்னலில் ஓடுகிற ஒன்றில் திறக்க வேண்டும். ஃப்ரீகேட் இலவசம், அதில் திறந்து வடிவச் சோதனையை ஓடவிட்டு, கன அளவைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான தொந்தரவு அங்கேயே தெரிந்துவிடும்.

அலகு பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிவிட்டன, ஆயிரம் மடங்கு என்றால் மீட்டர். இவை கண்ணில் பட்டுவிடும். பத்து மடங்குப் பிழை, அதாவது சென்டிமீட்டர், அதுதான் நம்பும்படியாக இருந்து ஏமாற்றும். பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவும் இல்லாத ஒற்றைப் பாகத்தில் முக்கியமாக. முழு நீளம் மூன்றையும் எழுதி அனுப்பச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பு அனுப்புகிறவர்களுக்கு அலகு மட்டும் பிரச்சினை இல்லை. 1982ல் ஆட்டோகேட்டின் முதல் பதிப்போடு வந்த கோப்பு வகை அது, இன்னும் உயிரோடு இருக்கிறது, எளிமையானது, எழுத்துக் கோப்பு. ஒரு வரியில் குறியீட்டு எண், அடுத்த வரியில் மதிப்பு. தலைப்பில் அலகைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது, 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 0 என்றால் சொல்லவில்லை. நிறைய மென்பொருள்கள் 0 என்று எழுதிவிட்டுப் போய்விடும். பதிப்பைத் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும்: ஆர்12 என்ற பழைய பதிப்பை எல்லா மெஷினும் படிக்கும், ஆனால் அதில் ஸ்ப்லைன், நீள்வட்டம் இரண்டுக்கும் இடமில்லை, அதனால் அவை நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகளாகச் சிதைந்து போகும். மெஷின் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் வேகத்தைக் குறைத்துக் கூட்டும், வெட்டிய ஓரத்தில் அது தெரியும்.

டிஎக்ஸ்எஃப்பில் என்னை ரொம்ப நாள் குழப்பிய ஒன்று உண்டு. தகட்டின் கோடுகளெல்லாம் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் நாலைந்து வட்ட வில்கள் மட்டும் மறுபக்கம் போய்ப் பிரதிபலித்து உட்கார்ந்திருக்கும். அனுப்பியவர் திரையில் சரியாக இருக்கிறது, கட்டிங் கடையின் திரையில் தப்பு. காரணம் 210, 220, 230 என்ற மூன்று குறியீடுகள். ஒரு வில் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. பாகத்தின் அடிப்பக்கத்திலிருந்து அவுட்லைனை எடுத்தால் வில்லின் திசை கீழ்நோக்கி, அதாவது 0, 0, -1 என்று பதிவாகும். அந்த நிலையில் மையத்தின் எக்ஸ் மதிப்பு குறி மாறி எழுதப்படும். ஆட்டோகேட் அந்தத் திசையைப் படித்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். எளிய கட்டிங் மென்பொருள் அந்த மூன்று குறியீட்டையும் கண்டுகொள்ளாமல் எக்ஸ் மதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டுவிடும். கோடுகளின் முனைகள் நேரடியான உலக ஆயத்தொலைவில் எழுதப்படுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் வில்கள் மட்டும் ஓடிப்போகின்றன. மேல்பக்க முகத்திலிருந்து எடுத்து அனுப்பினால் தீர்ந்தது. அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற இரட்டைக் கோடு (மெஷின் இரண்டு முறை வெட்டும்), மேலிருந்து பார்த்தால் சேர்ந்த மாதிரி தெரிந்து உயரத்தில் விலகியிருக்கிற முனை, இந்த இரண்டையும் அனுப்பும் முன் ஒரு தடவை தேடிப்பாருங்கள்.

எஸ்டிஎல் என்ற கோப்பு வகை 1987ல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக உருவானது, 3டி பிரின்டிங்குக்கு அதுவே போதும் என்ற காலத்தில். முக்கோணங்களின் பட்டியல் தவிர வேறெதுவும் அதில் இல்லை, அலகுகூடக் கிடையாது. பைனரியாக எழுதினால் முக்கோணத்துக்கு 50 பைட், அவ்வளவு எளிமை. வட்டத்தைப் பலகோணமாக்குவதால் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கு பார்ப்போம்: 10 மி.மீ. ஆரமுள்ள துளை 24 பக்கப் பலகோணமானால், முனைகள் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்களின் நடுப்பகுதி உள்ளே 0.086 மி.மீ. வந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளந்தால் 20 மி.மீ. துளை 19.83 ஆகிவிட்டது. 20 மி.மீ. தண்டு அதில் இறங்காது, பழி பிரின்டர் மேல் விழும். எக்ஸ்போர்ட் பெட்டியில் விலகல் அளவு என்று ஒன்று இருக்கும், 0.01 மி.மீ. வைத்துப் பாருங்கள், கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. 3எம்எஃப் என்ற புதிய கோப்பு வகை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அதில் அலகு எழுதப்பட்டிருக்கும். எஸ்டிஎல்லை ஸ்டெப்பாக மாற்றித் தருகிறோம் என்கிற சேவைகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு தட்டை முகமாக்கி, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஸ்டெப் என்று போட்டுக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நாற்பதாயிரம் முகமுள்ள அந்தக் கோப்பில் ஒரு துளையின் மையத்தைக்கூடத் தொட முடியாது. அப்படிப்பட்டதை வாங்கினால் அளந்து புதிதாக வரைவதுதான் சீக்கிரம் முடியும்.

பல பாகங்கள் சேர்ந்த அசெம்பிளி போகும்போது நடப்பது இன்னொரு வகை. இருநூறு ஒரே மாதிரி போல்ட்டுகள் ஒரு போல்ட்டின் இருநூறு இடங்களாகப் போக வேண்டும். சில எக்ஸ்போர்ட்டர்கள் இருநூறு தனி போல்ட்டுகளாக எழுதிவிடும், கோப்பு வீங்கும், பாகப் பட்டியலில் குழப்பம் வரும். பாகங்களுக்கு இடையிலான மேட்கள் (எது எதோடு எப்படிப் பொருந்தும் என்ற இணைப்புகள்) போகாது, எல்லாம் அந்த இடத்தில் உறைந்து நிற்கும். பாகத்தின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஸ்டெப் அதை யூனிகோடு எண்களாக மாற்றி எழுதும், அதைத் திரும்பப் படிக்கத் தெரியாத மென்பொருளில் பெயருக்குப் பதில் குறியீட்டு வரிசை நிற்கும். தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பாக எண் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் சின்னச் சின்னத் தொந்தரவு என்று தோன்றலாம். 1999ல் அமெரிக்க வாகனத் துறையின் சப்ளை செயினை மட்டும் ஆய்வு செய்த அந்நாட்டு தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், மென்பொருள்கள் ஒத்துப்போகாததால் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் போகிறது என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி, வாங்கியவர்களால் பயன்படுத்த முடியாத கோப்புகளைத் திருத்தவும் திரும்ப உருவாக்கவும் ஆன செலவு. 2006ல் ஏர்பஸ் ஏ380 விமானத்தில், 500 கி.மீ.க்கும் மேல் வயர் ஓடுகிற ஒரு விமானத்தில், ஹாம்பர்க்கில் தயாரான வயர்க்கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் கேட்டியாவின் 4வது பதிப்பு, மறுபக்கம் 5வது. பெயர் ஒன்றுதான், ஆனால் 5 புதிதாக எழுதப்பட்ட வேறு மென்பொருள். அது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் முக்கியக் காரணங்களில் ஒன்று. முதல் விமானத்தை ஒப்படைக்க 2007 அக்டோபர் ஆகிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே பெயருள்ள மென்பொருள், அங்கேயே இப்படி.

கோப்பு கேட்டு மெயில் வந்தால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பது. பக்கத்தில் வைத்து இடம் போதுமா என்று பார்க்க மட்டும் என்றால், உள்ளே உள்ள துளைகளையும் ஃபில்லெட்டுகளையும் எடுத்துவிட்டு லேசான ஸ்டெப் அனுப்பலாம். அவருக்கு வேகம், நமக்கு நம் டிசைன் பத்திரம். மெஷினிங் என்றால் முழு ஸ்டெப்பும் டிராயிங்கும். மாற்றி வடிவமைக்கப் போகிறார் என்றால் அவர் எந்த மென்பொருளில் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் புதிய பதிப்பில் சேமித்த மூலக் கோப்பைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறக்காது. படிகள் இல்லாத திடப்பொருளை வாங்கியவர்களுக்கும் இப்போது நேரடி எடிட்டிங் இருக்கிறது, முகத்தைப் பிடித்து 2 மி.மீ. இழுக்கலாம், துளையை நகர்த்தலாம், சுமாரான மாற்றங்களுக்கு அது நன்றாகவே போதும். சுவர்த் தடிமனையே மாற்ற வேண்டும், ஃபில்லெட் வலையாகப் பின்னிக் கிடக்கிறது என்றால் போதாது, அங்கே மூலக் கோப்புதான் வேண்டும். மூலக் கோப்பைக் கொடுப்பது என்றால் நம் படிகள், ஃபார்முலாக்கள், டிசைன் அட்டவணை எல்லாம் சேர்ந்து போகும். எனவே அதைப் பற்றி ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. வேலை முடிந்து பணம் வரவேண்டிய நேரத்தில் பேசுகிற விஷயம் இல்லை அது.

வேலை முடிந்து மூடிவைக்கிற கோப்புறையில் மூலக் கோப்பு, ஏபி242 ஸ்டெப், பிடிஎஃப் டிராயிங் மூன்றும் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் மென்பொருளின் பெயர், பதிப்பு, அலகு, கன அளவு, பரப்பளவு, ஈர்ப்பு மையம். அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.